சலூன் நாற்காலியில் ஒரு நகர்வலம்

குனிந்து வணக்கம் வைத்து, மனதுக்குள் மூன்று எண்ணி, நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் வண்டியைக் காணவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்த ஜப்பானிய ஆபீசரையும் காணவில்லை.

கோலாலம்பூரை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டும் தொழிலில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் நான். டாக்சி, வேன், பஸ் எல்லாம் ஓட்டியாயிற்று. என் பயணிகள் வாந்தி எடுத்திருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், சந்தைக்குள் தொலைந்து போயிருக்கிறார்கள். ஆனால் பயணி வண்டியோடு சேர்ந்து மறைந்து போனது 1943இல் ஒரே ஒரு முறைதான். இன்று இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் லைசென்ஸ் வகுப்பில் என்னென்னவோ படிக்கிறார்கள். இது அதில் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. கார் இல்லாத டாக்சிக்காரன்

ஜப்பான்காரன் வருவதற்கு முன் என்னிடம் ஒரு ஃபோர்டு டாக்சி இருந்தது. கிள்ளானுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும். இறங்குகிற வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்து, மணிக்கூண்டு, இரண்டு ஆறும் கூடும் இடத்துப் பள்ளிவாசல், ஹை ஸ்ட்ரீட் கோயில், பழைய சந்தைச் சதுக்கம் எல்லாம் காட்டிவிட்டு, மாலைக்குள் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு வரலாறு தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை இன்னும் நன்றாகச் சொன்னேன். ஒரே கட்டடத்தை என் வாயால் மூன்று ராஜாக்கள் கட்டியிருக்கிறார்கள்.

ஜப்பானியப் படை ஊருக்குள் நுழைந்த வாரமே கார் போய்விட்டது. ஒரு சிப்பாய் வந்து சாவிக்குக் கையை நீட்டினான், கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கிற வீரம் அன்றைக்கு எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருந்த வரிசையிலேயே சலூன் வைத்திருந்தான் சிங்காரம். என்னைவிட ஆறு வயது இளையவன், கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எந்த வேளையிலும் வாயில் ஒரு கிண்டல் வைத்திருப்பான். சோப்பும் பிளேடும் கிடைக்காமல் போனதும் ஊரே தாடி வளர்த்தது. அவன் கடை காலியாயிற்று. மிஞ்சியது ஒரு நாற்காலி. இரும்பில் வார்த்த பெரிய சலூன் நாற்காலி. அடியில் ஒரு மிதியை அழுத்தினால் பூட்டு விடுபட்டு, உட்கார்ந்த ஆளோடு முழு வட்டமாகச் சுழலும்.

வேலை இல்லாமல் இருப்பது அப்போது ஆபத்து. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நயமாகக் கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை என்றதும் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். பட்டியலில் சிங்காரத்தின் பெயர் இருந்தது. லோரி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜப்பானிய ஆபீசர் ஒருவர், இந்த ஆள் எங்களுக்கு வேண்டிய வேலையில் இருக்கிறான் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தால்தான் தப்பலாம். அவன் மனைவி பார்வதி சோறு பொங்குவதையே விட்டுவிட்டு வாசலில் லோரிச் சத்தம் கேட்கிறதா என்று நின்றுகொண்டிருந்தாள்.

அந்த முத்திரையை வைத்திருந்தவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஆபீசில் இருந்த ஒரு சப்ளை ஆபீசர். ஐம்பது வயது இருக்கும், நல்ல தொப்பை. ஞாயிற்றுக்கிழமைகளில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஊர் பார்க்கக் கிளம்புவார். காலில் வாதம் என்பதால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் யாராவது ஒரு கடை முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு ஊர் பார்க்க ஆசை, கால் இல்லை. என்னிடம் ஊர் இருந்தது, சிங்காரத்திடம் நாற்காலி இருந்தது. சைக்கிள் மட்டும்தான் குறை.

2. காதர் நானாவின் கைவேலை

சைக்கிள் காதர் நானாவிடம் இருந்தது. நாகூர்ப் பக்கத்து ஆள், ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை. விஷயத்தைச் சொன்னதும் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நான்கே நாளில் பெச்சா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, தயார். முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் சலூன் நாற்காலி. பின்னால் அரை சைக்கிள், அதில் நான். ரப்பர் விளைகிற நாட்டில் டயர் கிடைக்கவில்லை. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டி, உள்ளே கயிறு திணித்துச் சக்கரத்தில் சுற்றினார் நானா. பிரேக் கட்டை கிடைக்கவில்லை. சிங்காரத்தின் செருப்பு இரண்டையும் அறுத்து வைத்தார்.

வேலைப் பங்கீடு இப்படி. நான் மிதித்துக்கொண்டே பயணியின் பின்மண்டையைப் பார்த்து வரலாறு சொல்ல வேண்டும். சிங்காரம் பக்கத்திலேயே ஓடி வந்து, நான் சொல்கிற கட்டடம் இருக்கும் பக்கமாக நாற்காலியைத் திருப்ப வேண்டும். பயணி கழுத்தைத் திருப்பவே தேவையில்லை. இன்றைக்கு எந்த டூரிஸ்ட் வேனில் இந்த வசதி இருக்கிறது, சொல்லுங்கள்.

ஒத்திகைக்கு நானாவையே ஏற்றினோம். பிரிக்பீல்ட்ஸின் சமதரைச் சாலையில் நான்கு முறை போய் வந்தோம். சிங்காரத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. இடது பக்கம் சர்ச், வலது பக்கம் சலவைக்காரர் கொடி, இடது பக்கம் மாடு என்று நாற்காலியைச் சுழற்றித் தள்ளினான். இறங்கிய நானா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே, யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"இது வண்டி இல்ல தம்பி, ராட்டினம். எறங்குன பொறவும் சுத்திக்கிட்டே இருக்குது."

ஒத்திகையில் ஒன்று கண்டுபிடித்தேன். மேட்டில் மிதிக்கும்போது எனக்குப் பேச மூச்சு இல்லை. சமதரையில் பேர் மட்டும் சொல்லலாம். இறக்கத்தில்தான் கதை வரும். ஆக, மேட்டில் இருக்கிற கட்டடங்களுக்கு வரலாறு கிடையாது என்று முடிவு செய்தோம். இறக்கத்தை ஒத்திகை பார்க்கத் தோன்றவில்லை. அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம்.

3. ஞாயிற்றுக்கிழமை

வண்டியை ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஆபீசர் நொண்டிக்கொண்டே வந்தார், பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், ஏறி உட்கார்ந்தார். சின்னப் புத்தகம் ஒன்றை வைத்து மலாய் கற்றுக்கொண்டிருந்ததால் அவரும் நானும் மலாயில் பேசிக்கொள்ள முடிந்தது. அவர் உட்கார்ந்த கணமே சிங்காரம் பழக்க தோஷத்தில் வெள்ளைத் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டிவிட்டான். எனக்கு உயிர் போய்விட்டது. ஆபீசர் துணியைத் தடவிப் பார்த்தார். புழுதி படாமல் இருக்க என்று நினைத்திருப்பார் போல. "பாகுஸ்" என்றார். நன்றாக இருக்கிறதாம்.

மணிக்கூண்டு, ஜப்பான்காரன் உத்தரவுப்படி, டோக்கியோ நேரத்தைக் காட்டியது. வெயில் மட்டும் கோலாலம்பூர் நேரத்துக்கு அடித்தது. ஹை ஸ்ட்ரீட் கோபுரத்துக்கு நாற்காலி இடப்பக்கம் திரும்பியது. சீனர் மருந்துக் கடைகளுக்கு வலப்பக்கம் திரும்பியது. சந்தைச் சதுக்கத்தில், ஈயம் எடை போட்ட காலத்தில் இங்கே புலி வந்தது என்றேன். எத்தனை புலி என்று கேட்டார். ஒன்று என்றேன். பின்மண்டையிலேயே அவருடைய ஏமாற்றம் தெரிந்தது. நான்கு என்று திருத்தினேன். நான்கு என்று எழுதிக்கொண்டார்.

ஆற்றுப் பாலத்தில் காவல் சிப்பாய் நின்றான். காவலில் நிற்கும் சிப்பாயைக் கடக்கும்போது வண்டியை விட்டு இறங்கி, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பிலிருந்து குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். தவறினால் கன்னம் பழுக்கும், இல்லையென்றால் தலைக்குமேல் கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். ஒன்றரை வருஷத்தில் அது எங்கள் முதுகெலும்புக்கே பாடமாகிவிட்டது. இறங்கினோம், குனிந்தோம், மூன்று எண்ணினோம், ஏறினோம். பாலம் சமதரை. வண்டி சமர்த்தாக நின்றது.

ஊர் நடுவில் உள்ள பெரிய திடலுக்கு மேற்கே இருக்கும் குன்றிலிருந்து ஊர் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார் ஆபீசர். பின்பக்கமாக ஏறினோம். அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை. புஸ் புஸ் என்று மூச்சு விட்டேன். அதையும் ஏதோ குறித்துக்கொண்டார்.

உச்சியிலிருந்து இறக்கம் ஆரம்பித்ததும் என் வாய் திறந்தது. அப்பா, என்ன வரலாறு. மேட்டில் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. வலப்பக்கம் மணிக்கூண்டு என்றேன். சிங்காரம் மிதியை அழுத்திப் பூட்டை விடுவித்து நாற்காலியைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்து, வளைவில், ஒரு காவல் சிப்பாய்.

யோசித்தெல்லாம் செய்யவில்லை. என் கால்கள் தாமாகவே இறங்கின. சிங்காரத்தின் கை தானாகவே நாற்காலியை விட்டது. இரண்டு பேரும் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி குனிந்தோம்.

நிமிர்ந்தபோது பக்கத்தில் வண்டியைக் காணவில்லை. அது ஐம்பது அடிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பூட்டில்லாத நாற்காலி சுழன்றது. ஆபீசரின் முகம் தெரிந்தது, பிறகு முதுகு, பிறகு முகம், பிறகு முதுகு. வெள்ளைத் துணி அவரைச் சுற்றிப் பறந்தது. ஆபீசர் கடந்து போனால் சிப்பாய் சல்யூட் அடிக்க வேண்டும், அடித்திருந்தான். ஆபீசர் திரும்பத் திரும்ப முகத்தைக் காட்டிக்கொண்டே போனதால் அவனால் கையை இறக்க முடியவில்லை. மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடிவாரத்தில் எல்லாக் காலி நிலத்தையும் போல அங்கேயும் மரவள்ளிக் கிழங்கு போட்டிருந்தார்கள். வண்டி அதற்குள் புகுந்து நின்றது. நாற்காலி மட்டும் நிதானமாக இன்னொரு சுற்றுச் சுற்றி, எங்களைப் பார்த்தபடி நின்றது.

ஓடினோம். ஓடும்போதே சிங்காரம் சொன்னான்.

"அண்ணே, பட்டியல்ல உங்க பேரையும் சேத்துக்கச் சொல்லுங்க. ஒண்ணாவே போயிரலாம்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

ஆபீசர் இறங்கி ஒரு மரவள்ளிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செடியும் ஆடியது, அவரும் ஆடினார். யார் கையை விட்டது என்று மலாயில் கேட்டார். நாற்காலிப் பூட்டு சரியில்லை என்று ஒரு பதில் என் நாக்கு நுனிக்கு வந்தது. பூட்டு சிங்காரத்தினுடையது. அப்படிச் சொன்னால் நான் தப்பிப்பேன், அவன் சயாமுக்குப் போவான். அந்தப் பதிலை விழுங்கினேன். இப்போது நினைத்தாலும் அது அவ்வளவு தூரம் வந்ததற்கு வெட்கப்படுகிறேன். நான்தான் விட்டேன், காவலுக்கு வணக்கம் வைக்க இறங்கினேன் என்றேன்.

ஆபீசர் சிப்பாயைப் பார்த்தார். அவன் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிக் குனிந்து காட்டினான். இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் குனிந்தார்கள் என்று சாட்சி சொன்னான் என்று நினைக்கிறேன். ஆபீசருக்குத் தர்மசங்கடம். குனிந்ததற்கு எங்களைத் தண்டிக்க முடியாது. சும்மா விடவும் முடியாது. கடைசியில் சிப்பாயை ஒரு அறை அறைந்தார். சிப்பாய் என்னை அறைந்தான். முறைப்படி அடுத்தது நான் சிங்காரத்தை அறைய வேண்டும். அவனும் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் ஆபீசரின் தொப்பை குலுங்க ஆரம்பித்தது. மரவள்ளிச் செடி வேரோடு வருகிற அளவுக்குச் சிரித்தார்.

ஸ்டேஷன் வாசலில் இறங்கியபோது சிங்காரம், முத்திரை வாங்குவதற்காகச் சட்டைக்குள் வைத்திருந்த வெற்றுத் தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். உனக்கு என்ன வேலை என்று ஆபீசர் கேட்டார். அவன் பயத்தில் மலாயை மறந்து வண்டியைக் கையால் காட்டினான். ஆபீசர் வண்டியைப் பார்த்தார், அறுந்து தொங்கிய செருப்புத் துண்டைப் பார்த்தார், சிங்காரத்தைப் பார்த்தார். இந்த வண்டியில் எல்லாம் இருக்கிறது, பிரேக்தான் இல்லை என்றார். அவர் மொழியில் ஏதோ எழுதி முத்திரையைக் குத்தினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். வேலை: பிரேக்.

4. லோரி வந்த நாள்

இரண்டு வாரத்தில் ஆபீசர் சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். மூன்றாவது வாரம் லோரி வந்தது. துப்பாக்கியோடு நான்கு சிப்பாய்கள், அவர்களுக்குத் தலைவன் ஒருவன், பெயர் வாசிக்க ஒரு தமிழ்க் கிராணி, அதாவது குமாஸ்தா. வாசிக்க வாசிக்க ஆட்கள் ஏறினார்கள். சிங்காரத்தின் பெயர் வந்தது. தாளை நீட்டினான். தலைவன் படித்தான், மறுபடியும் படித்தான், கிராணியிடம் மலாயில் சொன்னான். கிராணி எங்களைப் பார்த்தார்.

"பிரேக்குன்னு போட்டிருக்காம்லா. மனுசன் எப்டிப்பா பிரேக் ஆவான்? வெளாட்டா?"

"இவன் இல்லன்னா வண்டி நிக்காது, கிராணியாரே," என்றேன்.

நிறுத்திக் காட்டு என்றான் தலைவன்.

ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஆற்றை நோக்கி இறங்குகிற சரளைக்கல் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோனோம். தலைவன் தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டான். வண்டியில் பிரேக் என்று எதுவும் இல்லை. நானா புதுக்கட்டை தேடிக்கொண்டேயிருந்தார். சிங்காரத்தின் காலில் செருப்பும் இல்லை. கீழே, ஆற்றுக்கு முன்னால், வேலி கிடையாது. பார்வதி எங்கள் பின்னாலேயே ஓடி வந்து சாலை ஓரத்தில் நின்றாள்.

வண்டி உருண்டது. வேகம் எடுத்தது. பாதி இறக்கத்தில் தண்டவாளத்துக் காவல் கூண்டு, அதன் முன்னால் ஒரு சிப்பாய். என் முதுகு குனிய ஆரம்பித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வலது கால் மிதிகட்டையை விட்டு எழும்பிவிட்டது.

"குனியாதீங்கண்ணே. ஹேண்டில புடிங்க," என்றான் சிங்காரம்.

பிடித்தேன். காவல் சிப்பாயை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, வணக்கம் வைக்காமல், ராஜா மாதிரி கடந்து போனேன். வாழ்க்கையில் அப்படி ஒரு கிறுகிறுப்பு எனக்கு வந்ததில்லை. பயமா, கொண்டாட்டமா என்று தெரியவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். சிங்காரம் நாற்காலியின் பின்கம்பியை இரண்டு கையாலும் பற்றி, பின்னால் சாய்ந்து, இரண்டு குதிகாலையும் சரளையில் ஊன்றினான். அவனும் சிரித்தான். கல் தெறித்தது. வண்டி இழுத்தது, அவன் இழுத்தான். ஆற்றுக்கு மூன்று முழம் இருக்கும்போது நின்றது.

தலைவன் இறங்கினான். ஆற்றை எட்டிப் பார்த்தான். தாளைச் சிங்காரத்திடம் திருப்பிக் கொடுத்தான். பிறகு, காவலுக்கு வணக்கம் வைக்காமல் வந்ததற்காக எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு அறை விட்டான். அதைப் போல இனிப்பான அறையை நான் வாங்கியதில்லை. இரண்டு பேரும் கன்னத்தைத் தடவிக்கொண்டு, இடுப்பிலிருந்து, மனசாரக் குனிந்தோம்.

திரும்பி மேலே வந்தபோது லோரி கிளம்பிக்கொண்டிருந்தது. எங்கள் வரிசைப் பையன்கள் ஐந்தாறு பேர் அதில் நின்றார்கள். ஒருவன் சிங்காரத்தைப் பார்த்துக் கையாட்டினான். எங்கள் சிரிப்பு அதோடு போய்விட்டது. அவர்களில் ஒருவனைத்தான் பிறகு நான் பார்த்தேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கதையை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், புலியை நான்காக்கினாலும் பரவாயில்லை. ஆனால் உங்களை நம்பி ஒரு ஆள் ஏறி உட்கார்ந்துவிட்டால், எதிரில் யார் வந்து நின்றாலும் கையை எடுக்காதீர்கள். வணக்கத்தை வண்டி நின்ற பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் பார்வதி மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துச் சிங்காரத்தின் உள்ளங்காலில் பூசினாள். குதிகாலில் தோலே இல்லை. அவன் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. காதர் நானா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். நானும் போனேன். யாரும் அவனைக் கத்தாதே என்று சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து, அவன் ஓய்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.